தேதி கேட்கும் நகரம்

பெரும்பாலான ஊர்களுக்குத் தம் பிறந்தநாள் தெரியாது. எங்கள் உல்லாஸ்நகருக்குத் தெரியும்: 1949 ஆகஸ்ட் 8. அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி வந்து, அடிக்கல் நாட்டி, பக்கத்தில் ஓடும் உல்லாஸ் நதியின் பெயரை ஊருக்குச் சூட்டிவிட்டுப் போனார். அதுவரை அது கல்யாண் கேம்ப். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களைத் தங்கவைக்கக் கட்டிய பாரக்குகள் போர் முடிந்ததும் காலியாகின. பிரிவினைக்குப் பிறகு சிந்துவிலிருந்து வந்த அகதிகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை அங்கே குடிவைத்தார்கள். ஒன்று முதல் ஐந்து வரை கேம்ப். இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் தெருப் பெயரைச் சொன்னால் முழிப்பார், கேம்ப் நம்பரைச் சொன்னால் வண்டியைக் கிளப்புவார்.

எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் அங்கே வந்து சேர்ந்ததற்கு அடிக்கல்லும் கிடையாது, தேதியும் கிடையாது. அப்பாவுக்கு அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை. நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியில் அத்தை வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவர், வாடகை மலிவு, வேலைக்குப் பக்கம் என்று நாலாம் கேம்ப்புக்கு மாறினார். எந்த வருஷம் என்று கேட்டால், "உங்க அண்ணன் பொறந்த மழைக்கு முன்னாடி" என்பாள் அம்மா. ரேஷன் கார்டு வேறு ஒன்றைச் சொல்லும். கார்டு சொல்வதுதான் சட்டப்படி செல்லும் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

பாரக்கில் எங்களுக்கு எதிர் அறையில் ஒரு சிந்தி அம்மாள் இருந்தார், காகி என்று கூப்பிடுவோம். தண்ணீர் கேட்டுப் போனால் முதலில் சுட்ட அப்பளம் வரும், பிறகுதான் தண்ணீர். 1948 ஜனவரி 6-ஆம் தேதி கராச்சியில் நடந்த கலவரத்துக்குப் பிறகு கப்பலேறிய குடும்பம். அவருடைய தகரப் பெட்டிக்குள் அங்கே விட்டுவந்த வீட்டின் காகிதங்கள் இருந்தன. அகதிகள் விட்டுவந்த சொத்துக்கு உரிமை கோரிப் பதிவு செய்ய 1950-இல் ஒரு சட்டம் வந்தது, இழப்பீடு தர 1954-இல் இன்னொன்று. அந்த விண்ணப்பத்தின் நகலை விரித்துக் கட்டம் கட்டமாக எனக்குக் காட்டுவார். வீடு மூன்று மாடி என்பார். உல்லாஸ்நகரில் யாரைக் கேட்டாலும் சிந்துவில் மூன்று மாடி வீடுதான். காகிதத்தில் இருந்தது தரைத்தளமும் ஒரு மாடியும். இதில் எது நிஜம் என்று அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றாள், முருங்கைக்கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிற்பாடு வாய்மொழி வரலாறு பற்றித் தடித்தடிப் புத்தகங்களாகப் படித்தேன். அவையும் இதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்லிவிடவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த 1992-இல் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் காமர்ஸுக்குப் போனார்கள். ஃபர்னிச்சர் கடையோ ஜீன்ஸ் தைக்கும் யூனிட்டோ வீட்டிலேயே இருக்கும்போது கணக்குப் பிள்ளையாவது ஆகலாம். நான் வரலாறு எடுத்ததற்குப் பெரிய லட்சியக் காரணம் எதுவும் இல்லை. கலைப் பிரிவுக்கு ஃபீஸ் குறைவு, வகுப்பு காலையோடு முடிந்துவிடும், மத்தியானம் டியூஷன் எடுக்கலாம். அத்தை தாராவியிலிருந்து கிளம்பி வந்தே கேட்டாள்: "ஏட்டி, சரித்திரம் படிச்சு எந்த ராசாகிட்ட வேலைக்குப் போகப் போற?" அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

முதல் வருஷத்திலேயே டிசம்பர் வந்தது. பாபர் மசூதி இடிப்பைத் தொடர்ந்து 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் எரிந்தது, தாராவியும் எரிந்தது. அத்தை வீடு தப்பியது. அவள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி இருந்தவர்களுக்குச் சுவர்கூட மிஞ்சவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அங்கே ஒரு பெண் அழுதது பீரோவுக்காகவோ தையல் மெஷினுக்காகவோ அல்ல. "கார்டு போச்சே, கார்டு போச்சே" என்று அழுதாள். எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டிவிடலாம். அந்த வீட்டில் எந்த வருஷத்திலிருந்து இருக்கிறோம் என்பதற்குச் சாட்சி ரேஷன் கார்டு ஒன்றுதான். சில வருஷங்களிலேயே, 1995 ஜனவரி 1-க்கு முன்னால் குடியிருந்ததை நிரூபிப்பவர்களுக்கே மாற்று வீடு என்று அரசு அறிவித்தது. அந்தத் தேதி பிறகு 2000 ஜனவரி 1 ஆனது. நான் கல்லூரியில் பானிபட் போர்களின் தேதிகளை நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தேன். ஊர் வேறு தேதிகளை வைத்துக்கொண்டு உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

பாடம் என்னவோ சுமார்தான். பி.ஏ. மூன்றாம் ஆண்டில் ஆறு தாளும் வரலாறே. சோழர்களுக்கு அரைப் பக்கம், பாண்டியர்களுக்கு அடைப்புக்குறிக்குள் ஓர் இடம். வகுப்பில் எல்லோரும் சிவாஜி மகாராஜின் கோட்டைகளை ஒப்பிப்பார்கள். 1677-இல் அவர் பிடித்த செஞ்சி எங்கள் பக்கத்துக் கோட்டை என்று நான் சொன்னதும், அதுவரை என்னை 'அண்ணா' என்றே கேலி செய்துகொண்டிருந்த பையன்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள். அவர் மகன் ராஜாராம் அதே செஞ்சிக்குள் முகலாயப் படையைச் சமாளித்துக்கொண்டு வருஷக்கணக்காக இருந்தார் என்றதும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். செஞ்சியை நான் அப்போது பார்த்ததுகூட இல்லை.

நல்ல வகுப்பு என்று நினைவில் நிற்பது வகுப்பறைக்கு வெளியே நடந்தது. அம்பர்நாத் சிவன் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். அப்பா தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவார். பள்ளத்தில் இறங்கிப் போகும் கருவறை, கல்லில் நெய்த மாதிரி வெளிச்சுவர். அங்கே கிடைத்த கல்வெட்டில் சக ஆண்டு 982 என்று இருக்கிறது. சக ஆண்டோடு 78-ஐக் கூட்டினால் 1060. சிலாஹார மன்னன் மும்முணியின் காலம். தஞ்சைப் பெரிய கோயில் முடிந்து ஐம்பதே வருஷம் ஆகியிருந்தது. "ஒரு தேதிக்குப் பின்னால் யாராவது இருப்பார்கள். அவர் அதைக் கல்லில் வெட்டச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கும். முதலில் அந்த ஆளைப் பிடி" என்றார் பேராசிரியர். அத்தை வீட்டுக்குப் போகும் வழியில், தாராவி பஸ் டெப்போவை ஒட்டி, 'காலா கில்லா' என்றொரு கருங்கல் கோட்டை செடி முளைத்துக் குப்பைக்கு நடுவில் நிற்கும். அடுத்த முறை போனபோது நின்று பார்த்தேன். கவர்னர் ஜான் ஹார்ன் கட்டளைப்படி 1737-இல் கட்டப்பட்டது என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது. அதுவரை எத்தனையோ தடவை அதன் நிழலில் நின்று பஸ் பிடித்திருக்கிறேன்.

எம்.ஏ. படிக்கக் கலினா வளாகம். உல்லாஸ்நகரில் ஏறி, கல்யாணிலும் டோம்பிவிலியிலும் பெண்கள் பெட்டிக்குள் பிதுங்கி, குர்லாவில் இறங்கி, பஸ் பிடித்துப் போக வேண்டும். பம்பாய் நகரத் திட்டமிடல் பற்றி எழுதிய மரியம் தோசல் அந்தத் துறையில் இருந்தார். நகரத்தின் நிலம் யாருடையது, கடலைத் தூர்த்தது யார், வரைபடம் போட்டது யாருக்காக என்றெல்லாம் கேட்பதும் வரலாறுதான் என்பது அங்கே எனக்கு உறைத்தது. நடுவில் ஒரு வேடிக்கை. 1995-இல் நகரத்தின் பெயர் மாறியது, 1996-இல் பல்கலைக்கழகத்தின் பெயரும் மாறியது. என் பி.ஏ. சான்றிதழில் பம்பாய்ப் பல்கலைக்கழகம், எம்.ஏ. சான்றிதழில் மும்பைப் பல்கலைக்கழகம். வெளிமாநிலத்தில் ஒரு வேலைக்கு மனுப் போட்டபோது, இரண்டும் ஒன்றுதான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். 1857-லிருந்து இருக்கும் ஒரே பல்கலைக்கழகத்துக்கு நான் பிறப்புச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த வருஷங்களில்தான் காலா கோடாவில், எல்ஃபின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்துக்குள் இருக்கும் மகாராஷ்டிர அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போகத் தொடங்கினேன். 1821-இல் கம்பெனி அரசு தொடங்கிய பதிவேட்டு அலுவலகத்தின் வாரிசு அது. பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு உள்ளே போக வேண்டும். சீட்டு எழுதிக் கொடுத்தால், ஊழியர் பொடிப்பொடியாக உதிரும் தொகுதியைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தி வருவார். பழைய மராத்தி ஆவணங்கள் மோடி எழுத்தில் இருக்கும். அந்தப் பெயரைச் சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள், 1996-இல் யாரும் சிரிக்கவில்லை. முதலில் பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்துவிட்டு, அந்தக் கோட்டில் எழுத்துகளைத் தொங்கவிட்டு, கையெடுக்காமல் எழுதிப்போகும் எழுத்து. குறில் நெடில் பேதம் அதிகம் பார்க்காது. என்னோடு மோடி வகுப்பில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற பேங்க் ஊழியர்கள். இளம் வயதுக்காரர்கள் இதில் பிழைப்பு இல்லை என்று இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார்கள். நான் நிற்காததற்குக் காரணம், வகுப்பு இலவசம்.

இப்படி இருந்தபோது அத்தை ஒரு பையனை அனுப்பிவைத்தாள். அவள் வீட்டுக்கு எதிரே 'சால்' என்னும் வரிசை வீடுகளில் இருந்த தெலுங்குக் குடும்பம், மாதிகா சாதி. தாத்தா தாராவித் தோல் பதனிடும் தொட்டியில் வேலை பார்த்தவர். பையனுக்குப் பாலிடெக்னிக்கில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டும். மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சலுகை கேட்பவர், தன் முன்னோர் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இந்த மாநிலத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். அது பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள். பிற்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13. பிற மாநிலத்திலிருந்து பிற்பாடு வந்தவருக்கு ஊர்ச் சான்றிதழ் இங்கே உதவாது என்று 1994-இல் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது. தமிழர்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு: தேதி கிடைத்தாலும், ஊரில் சொல்லும் சாதிப் பெயர் இந்த மாநிலப் பட்டியலில் இருந்தாக வேண்டும். இந்தப் பையன் சாதியின் பெயர் பட்டியலில் இருந்தது. தேதிக்குத்தான் சாட்சி இல்லை.

தாத்தாவிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பதனிடும் தொட்டியில் தினக்கூலிக்கு யார் சீட்டுக் கொடுத்தார்கள்? அந்தத் தொட்டிகளுமே எழுபதுகளுக்குப் பிறகு ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன. சான்றிதழ் தரும் அலுவலகம் ஒன்றில், "ஆதாரம் கொண்டுவா" என்று எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். காப்பகத்தில் நான் கற்றிருந்த ஒரே தந்திரம் அப்போது உதவியது. காகிதத்தைத் தேடாதே, அந்தக் காகிதத்தை உண்டாக்கிய அலுவலகம் எங்கே போயிற்று என்று தேடு. தாத்தா பள்ளிக்கூடம் போனதில்லை, அவர் தம்பி மட்டும் கொஞ்ச நாள் போனார் என்று பாட்டி போகிறபோக்கில் சொன்னாள். அந்தப் பள்ளி இல்லை. அதை இன்னொன்றோடு சேர்த்து, அந்த இன்னொன்றையும் வேறு கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மகாராஷ்டிரத்துப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கையைப் பதியும் ஜெனரல் ரெஜிஸ்டரைத் தூக்கிப் போடுவதில்லை. பள்ளி செத்தாலும் ரெஜிஸ்டர் வாரிசுப் பள்ளிக்குப் போகும். உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய ஓர் அறையில், கரையான் ஓரம் தின்ற புத்தகத்தில் இருந்தது அந்த வரி: 1947 ஜூன், பையன் பெயர், தகப்பன் பெயர், சாதி, தகப்பன் தொழில் தோல் வேலை. தகப்பன் பெயரை மராத்தி எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். அந்தப் பெயரும் இந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று நிறுவ இன்னும் இரண்டு பிரமாணப் பத்திரம். பையனுக்கு அந்த வருஷ சீட் போய்விட்டது. அடுத்த வருஷம் சேர்ந்தான். அதற்குப் பிறகு அத்தை என் படிப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனால் வாராவாரம் யாராவது ஒருவரைப் பிளாஸ்டிக் பையோடு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

இலவச சேவை வயிற்றுக்கு ஆகாது. முதல் காசு உல்லாஸ்நகரிலேயே கிடைத்தது. எங்கள் ஊரில் வீடு வாங்கப் போனால் முதல் கேள்வி, "சனத் இருக்கா?" அகதிகளுக்கு நிலத்தையும் பாரக்கையும் உரிமையாக்கிக் கொடுத்த பட்டாதான் சனத். வழக்கறிஞர் ஒருவர் பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்ல ஆள் தேடினார், ஃபைலுக்கு 200 ரூபாய். லேபிள்கள் விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு பழைய கீர்த்தி உண்டு. 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்றால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று எங்கள் ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள். பத்திரங்களிலும் அந்தக் கைவண்ணம் தென்படும். ஒருநாள் 1957-ஆம் வருஷத்து நில ஆவணம் ஒன்று வந்தது. காகிதம் பழுப்பு, மடிப்பு கிழிசல், கையெழுத்து ராஜகம்பீரம். எல்லாம் சரியாக இருந்தது, கீழே இருந்த 'மகாராஷ்டிர அரசு' என்ற முத்திரையைத் தவிர. மகாராஷ்டிரம் பிறந்தது 1960 மே 1. 1957-இல் இருந்தது குஜராத்தும் சேர்ந்த பம்பாய் மாநிலம். மூன்று வருஷம் கழித்துப் பிறக்கப்போகிற அரசாங்கம் முன்கூட்டியே முத்திரை குத்தியிருந்தது. வழக்கறிஞர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், பிறகு பையனைக் கூப்பிட்டு மசாலா டீயும் தால் பக்வானும் வாங்கிவரச் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து ஃபைலுக்கு 300.

அந்தப் பணத்தில் டெல்லிக்குப் போனேன். தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஓராண்டு டிப்ளமோ. ஆவணத்தை வகைப்படுத்துவது, எதை வைத்திருப்பது எதை அழிப்பது என்று முடிவெடுப்பது, கிழிந்த தாளுக்கு மெல்லிய தாள் ஒட்டி உயிர் கொடுப்பது. வைத்திருப்பதை விட அழிப்பதைத்தான் அதிகம் கற்றுக்கொடுத்தார்கள். எல்லாவற்றையும் வைத்திருக்கும் காப்பகம் குடோன் ஆகிவிடும். திரும்பிவந்து மும்பையில் ஒரு நிறுவனத்தின் காப்பகத்தில் சேர்ந்தேன். நிறுவனங்களுக்கு எதற்கு வரலாறு என்று கேட்காதவர்கள் இல்லை. வர்த்தகப் பெயர் வழக்கில் அந்தப் பெயரை முதலில் பயன்படுத்தியது யார் என்று காட்ட, தொழிற்சாலை நிலத்தின் எல்லைத் தகராறுக்கு, பழைய தொழிலாளியின் பணிக்காலத்தை உறுதி செய்ய. மற்றபடி, கம்பெனிக்கு எழுபத்தைந்து வயதாகும்போது முதலாளி குடும்பத்துக்குத் திடீரென்று ஒரு மலர் போடத் தோன்றும், அப்போது ஓடிவருவார்கள். ரிசர்வ் வங்கி 1981-லேயே புனேயில் தனக்கென்று காப்பகம் வைத்தது. டாடாக்களின் மையக் காப்பகம் 1991-இல் வந்தது, கோத்ரெஜ் 2006-இல் விக்ரோலியில் தொடங்கியது. வேலைவாய்ப்பு என்று சொல்லும் அளவுக்கு இடங்கள் இல்லை. ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் தகுதியான ஆள் கிடைப்பதும் இல்லை.

என்னோடு படித்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் படம் அழகாகிவிடும். பாதிப் பேர் வரலாற்றின் பக்கமே திரும்பவில்லை. ஒருத்தி ஐந்தாம் கேம்ப்பில் ஜீன்ஸ் யூனிட் நடத்துகிறாள், எங்கள் எல்லோரையும் விட வசதி அவளுக்குத்தான். ஒருவன் மகாராஷ்டிரத் தேர்வாணையத் தேர்வு எழுதி சப்-இன்ஸ்பெக்டர் ஆனான். வாக்குமூலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று சொல்கிறார்கள், இதை அவனே சொன்னான் என்பதால் பாதி தள்ளிவிடலாம். கோட்டைப் பகுதியில் வெளிநாட்டவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கும் வழிகாட்டி ஒருத்தி. ராஜாபாய் கோபுரம், டவுன் ஹால், சர்ச்கேட் என்று மூன்று மணி நேரம் நடப்பாள், மழைக்காலத்தில் வருமானம் பூஜ்யம். அருங்காட்சியகவியல் படித்து மியூசியத்தில் சேர்ந்தவன் ஒருவன். மிகவும் கெட்டிக்காரியாக இருந்தவள் நெட் தேர்வும் தேறி, முனைவர் பட்டமும் வாங்கி, மணிக்கணக்குச் சம்பளத்தில் கல்லூரிகளில் பாடம் எடுத்தாள். சி.எச்.பி. என்பார்கள். வகுப்பு நடந்தால் காசு, கல்லூரிக்கு லீவு என்றால் அவளுக்கும் பட்டினி. நிரந்தர வேலை வருவதற்குள் தலை நரைத்துவிட்டது. வரலாறு படித்தால் ஐ.ஏ.எஸ். ஆகலாம் என்று விளம்பரம் செய்பவர்கள் இவளைப் போன்றவர்களின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு வரலாறு விருப்பப்பாடமாகக் கைகொடுக்கும், சரிதான். தேறாமல் திரும்புகிறவர் எந்த ரயிலில் வீடு வந்து சேர வேண்டும் என்பதும் பாடத்திட்டத்தில் இருந்தால் நல்லது.

மோடி வகுப்பில் நிற்காமல் தொடர்ந்த இன்னொரு தமிழ்ப் பெண்ணின் கதை விசித்திரமானது. தஞ்சையை 1676 வாக்கில் வெங்கோஜி பிடித்ததிலிருந்து 1855 வரை மராத்தியர் ஆண்டார்கள். அவர்களுடைய அரண்மனைக் கணக்குகள் சரஸ்வதி மகாலில் மூட்டை மூட்டையாக மோடி எழுத்தில் கிடக்கின்றன. பெரிய கோயில் சுவரில் சரபோஜி காலத்தில், 1803-இல் வெட்டிய போன்ஸ்லே வம்ச வரலாறு மராத்தியில் நீண்டு கிடக்கிறது. தஞ்சாவூர்க்காரருக்கு மோடி வராது, புனேக்காரருக்குத் தமிழ் வராது. இரண்டும் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும்தான் தேட வேண்டும். அவள் மாட்டுங்காவிலிருந்து தஞ்சைக்கு ஓர் ஆய்வுத் திட்டத்துக்காகப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். நாடகக்காரிக்கு எவ்வளவு கொடுத்தார்கள், யானைக்கு என்ன மருந்து வாங்கினார்கள், எந்தச் சத்திரத்துக்கு எத்தனை கலம் நெல் போனது என்று ஃபோனில் பேசுவாள். சம்பளம் பற்றிக் கேட்டால் பேச்சை யானைக்குத் திருப்பிவிடுவாள்.

2023-இல் அந்த மோடிக்குத் திடீர் யோகம் அடித்தது. மராத்தா இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வலுத்து, முன்னோர் சலுகைக்குரிய 'குண்பி' சாதி என்று பதிவான ஆவணங்களைத் தேட அரசு அந்த செப்டம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்தீப் ஷிண்டே தலைமையில் குழு போட்டது. பழைய வருவாய்ப் பதிவேடுகள், பிறப்பு இறப்புப் பதிவுகள், பள்ளி ரெஜிஸ்டர்கள், நிஜாம் காலத்துக் காகிதங்கள் எல்லாம் வெளியே வந்தன. பலவும் மோடியில், சில உருதுவில். படிக்க ஆள் இல்லை. கலெக்டர் அலுவலகங்கள் மோடி வாசிப்பவர்களைத் தேடின. எங்கள் வகுப்பில் பேங்கிலிருந்து ஓய்வுபெற்று வந்த பெரியவர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், பூதக்கண்ணாடியோடு திரும்ப வேலைக்குப் போனார். ஒரு வார்த்தையைக் குண்பி என்று வாசித்தால் ஒரு குடும்பத்துக்குச் சலுகை, வேறாக வாசித்தால் இல்லை. குறில் நெடில் பேதம் பார்க்காத எழுத்தில் இந்தச் சுமையை ஒருவர் கண்ணில் ஏற்றுவது சரியா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அவருக்கும் இருந்தது. "தெளிவாக இல்லை என்று எழுதும் தைரியம் வேண்டும்" என்றார். அப்படி எழுதிய தாள்களுக்காக அவரைத் திட்டியவர்களும் உண்டு.

எதிர் அறைக் காகியின் தகரப் பெட்டி என்னவாயிற்று என்று இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். சிந்தியை அரபு எழுத்தில் படிக்கத் தெரிந்த கடைசி ஆள் அந்த வீட்டில் அவர்தான். பிள்ளைகள் படித்தது இந்தியிலும் ஆங்கிலத்திலும். அவர் போன பிறகு, நான் டெல்லியில் இருந்த வருஷத்தில், பேரன் பெட்டியைத் துருப்பிடித்த இரும்போடும் உள்ளே இருந்ததைப் பழைய பேப்பரோடும் எடைக்குப் போட்டுவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கு அது புழுதி. அமிர்தசரஸில் பிரிவினைக்கு ஓர் அருங்காட்சியகம் வரவே 2017 ஆயிற்று.

இப்போது மறுபடியும் தாராவி. மறுசீரமைப்புக்காக 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்னால் தரைத்தளத்தில் குடியிருந்ததைக் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, வாடகைக் கொள்முதல் முறையில். ஏணி வைத்து ஏறும் அந்த மாடிகளில்தான் தாராவியில் பலர் வாழ்கிறார்கள். அத்தை வீட்டில் கீழே அவளும் பெரியவனும், மேலே சின்னவன் குடும்பம். சின்னவன் மகள் இந்த வருஷம் பி.ஏ. வரலாற்றில் சேர்ந்திருக்கிறாள். காமர்ஸில் இடம் கிடைக்காமல் சேர்ந்ததாக அவள் அப்பா சொல்கிறான், விரும்பிச் சேர்ந்ததாக அவள் சொல்கிறாள். இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன்.

அவள் என்னைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டாள். நோட்டில் கோடு போட்டு, ஒரு பக்கம் வருஷம், ஒரு பக்கம் காகிதம், மூன்றாவது பக்கம் அந்தக் காகிதத்தைக் கொடுத்த அலுவலகம். மூன்றாவது பத்தியை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, நான் இல்லை. வாக்காளர் பட்டியலில் 1995-இல் அத்தை பெயர் இருக்கிறது, வீட்டு எண் தப்பு. ரேஷன் கார்டு 2003-இல் புதுப்பித்தது, பழையதை வாங்கிக்கொண்டார்கள். பழைய மின்சாரப் பில் ஒன்று கிடைத்தது, 1986. எல்லோருக்கும் சந்தோஷம்.

"பெரியத்தே, மீட்டர் யாரு பேர்ல இருக்குன்னு பாத்தீங்களா?" என்றாள்.

அத்தைக்கு இந்த அறையை விற்றவர் பேரில் இருந்தது. விற்பனைக்குச் சாட்சி, அன்றைக்குப் பத்து ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய ஒரு சீட்டு. அதன் ஒரு பிரதி அத்தையிடம் இருந்தது, எலி தின்றுவிட்டது. இன்னொன்று விற்றவரிடம். அவர் தாராவியை விட்டுப் போய் நாங்குநேரிப் பக்கம் ஏதோ கிராமத்தில் மகனோடு இருப்பதாக ஜமாஅத்தில் விசாரித்துச் சொன்னார்கள். கிராமத்தின் பெயரை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மூன்றையும் எழுதிக்கொண்டிருக்கிறாள். தீபாவளி லீவில் நானும் அவளும் போவதாக ஏற்பாடு. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது.